பன்னிரண்டாவது பயணி

அத்தியாயம் 5

மாமியாரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மாமியாரிடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அதனால் நம் மாப்பிள்ளையின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கக்கூட ஓர் ஆள் கிடைப்பதில்லை.

ஊரே அத்தை என்று கூப்பிடும் அந்த அம்மாள் முப்பது வருஷம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே எழுதியவர் சண்டையில் இருக்கிறாரா சமாதானத்தில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் திறந்தார். அதற்கு அரசாங்கத்தின் குடும்பத் தொழில் மானியம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: குடும்பத்தில் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக, அந்த மானியத்தில் முன்னறைக்கு மூன்று பொருட்கள் வந்து சேர்ந்தன. ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, ஒரு மாப்பிள்ளை.

"அலமாரியை மூணு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுக்கணுமாம்," என்று மாப்பிள்ளை தன் நண்பர்களிடம் சொல்வதுண்டு. "என்னைத் திருப்பித் தர வேணாம்னு எழுதியே குடுத்துட்டாங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி. படகுத்துறையின் டிக்கெட் கூண்டுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். கூண்டு என்றால் நிஜமாகவே கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டிக்கெட் கட்டு, ஓர் அம்மாள், அவ்வளவுதான் இடம். ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. ஆறும் படகும் அந்த அம்மாளின் முதுகுப்பக்கம்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் டிக்கெட்டம்மா. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது."

"அவர் எங்க இருக்கார்?" என்று அத்தை கேட்டார்.

"படகுல. அவர்தான் படகு ஓட்டுறவரு."

டிக்கெட் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி ஜன்னல் வழியாகத் தள்ளினார். மாப்பிள்ளை அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"தங்கள் படகு இவ்வாரம் எல்லா நடைகளிலும் பன்னிரண்டு இருக்கைகளும் நிறைந்து செல்வது நேரில் கண்டறியப்பட்டுள்ளது. நிறைந்து ஓடும் தடம் நலிந்த தடம் ஆகாது. சனிக்கிழமை மாலைக்குள் தக்க விளக்கம் தராவிடில் நலிந்த தட மானியம் நிறுத்தப்படும்."

"வாழ்த்துக்கள்," என்று சேர்த்துக்கொண்டார் மாப்பிள்ளை. "வியாபாரம் நல்லா நடக்குதுன்னு அரசாங்கமே கோவிச்சுக்குது."

"சிரிக்காதீங்க தம்பி. படகுல பன்னெண்டு சீட்டு. நான் ஒரு நடைக்குப் பதினோரு டிக்கெட்டுக்கு மேல கிழிச்சதே இல்ல."

"பன்னெண்டாவதைக் கிழிச்சா?"

"மானியம் கிழியும்."

அத்தை குடையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "பன்னெண்டு பேரையும் ஏத்தி, வர்ற காசுல மானியம் இல்லாமலே ஓட்டினா என்னம்மா?"

"பன்னெண்டு பேர் காசும் டீசலுக்கே பத்தாது. மானியம் போச்சுன்னா டிக்கெட்டை நாலு மடங்கு ஏத்தணும். ஏத்தினா யாரு ஏறுவா? படகைக் கட்டிப் போட வேண்டியதுதான். அப்புறம் அக்கரைக்குப் போறவங்க எல்லாரும் பாலத்தைச் சுத்திப் பதினோரு கிலோமீட்டர் நடக்கணும்."

"பஸ் இல்லையா?"

"இருந்துச்சு. படகுக்குத்தான் மானியம் குடுத்தாச்சே, பஸ் எதுக்குன்னு நிறுத்திட்டாங்க."

மாப்பிள்ளைக்கு அந்தத் திட்டத்தைப் போட்டவரை நேரில் பார்த்துக் கை குலுக்க வேண்டும் போலிருந்தது. குலுக்கும்போது கொஞ்சம் அழுத்திக் குலுக்கவும் ஆசை.

"சரி," என்றார் அத்தை. "பதினோரு டிக்கெட்டு, பன்னெண்டு தலை. அந்தப் பன்னெண்டாவது ஆள் யாருன்னு நாங்க கண்டுபிடிக்கணும். அதை உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேக்கலாமே?"

டிக்கெட்டம்மாவின் கண்கள் குளம் கட்டின.

"எப்படிக் கேக்கறது? அந்த மனுஷன் யாரையோ டிக்கெட் இல்லாம கூட்டிட்டுப் போறார். தினமும். எல்லா நடையிலயும். இருபத்திரண்டு வருஷமா என்னைக்கூட அவர் ஓசில ஏத்தினது கிடையாது. அப்போ அது..." மூக்கை உறிஞ்சினார். "பொம்பளையாத்தான் இருக்கணும்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அத்தை குடையின் நுனியால் அவர் கால் விரலை லேசாக அழுத்தினார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

அத்தை இரண்டு டிக்கெட் வாங்கினார். விலையைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். "இவ்வளவு மலிவா?"

"அதான்மா மானியம்," என்றார் டிக்கெட்டம்மா, கண்ணைத் துடைத்தபடி.

*

படித்துறையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு மூடிய கூடை. படகைப் பார்ப்பதும் மிதவையைப் பார்ப்பதுமாக இருந்தார். படகைப் பார்த்த நேரமே அதிகம்.

"ஆறு நாளா உக்காந்திருக்காராம்," என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். "ஒரு மீன்கூட மாட்டலையாம்."

"எப்படி மாட்டும்? தூண்டில்ல முள்ளே இல்ல."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். நூல் மட்டும் தண்ணீருக்குள் போயிருந்தது. "மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைக்கிறார் போல. இளகின மனசு அத்தை."

"அவர் சட்டைப் பையைப் பாருங்க மாப்ளே."

சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பேனாக்கள் வரிசையாகச் செருகியிருந்தன.

"மீன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் பிடிப்பாரோ என்னவோ," என்றார் மாப்பிள்ளை. தன் நகைச்சுவையில் தானே சொக்கிப்போய், அந்தப் பேனாக்கள் என்ன சொல்கின்றன என்பதைக் கோட்டைவிட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. அத்தை பதில் சொல்லாவிட்டால் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இதை மாப்பிள்ளை கல்யாணத்தின்போதே கவனித்திருக்க வேண்டும்.

படகில் நாலு பெஞ்சு, பெஞ்சுக்கு மூன்று பேர். கடைசி பெஞ்சு என்ஜினை ஒட்டி இருந்ததால் அங்கே புகையும் சத்தமும் அதிகம். அதன் மூலையில் ஒரு பெரியவர் மழைக்கோட்டும் மப்ளரும் சுற்றிக்கொண்டு, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்திலும் தூங்குகிற மனிதரை மாப்பிள்ளை பொறாமையோடு பார்த்தார்.

படகுக்காரர் பருத்த உடம்பு, சோர்ந்த மீசை. கரையில் கோழிக்கூடையோடு ஒருவர் வந்து நின்றார். படகுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து டீசல் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடைக்காரர் ஒவ்வொரு பெஞ்சாக எட்டிப் பார்த்தார். கடைசி மூலையில் தூங்குகிற பெரியவரைப் பார்த்தார். "நிறைஞ்சிருச்சா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் முதுகு மறைந்த பிறகுதான் படகுக்காரர் நிமிர்ந்து மூச்சு விட்டார்.

இரண்டு மணிக்குப் படகு கிளம்பியது. மாப்பிள்ளை வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தோலை ஊதினார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர் மடியில் போட்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. கடலை எடுத்துக்குங்க," என்று நீட்டினார்.

பெரியவர் அசையவில்லை.

"நல்ல குடும்பம்," என்றார் மாப்பிள்ளை. "முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட வாங்கித் திங்கறதில்ல."

அக்கரை வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். அத்தையும் மாப்பிள்ளையும் இறங்கவில்லை. அந்தப் பெரியவரும் இறங்கவில்லை. மாப்பிள்ளை விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. பெரியவரோடு பன்னிரண்டு. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று வருஷத் துப்பறியும் வாழ்க்கையில் அத்தைக்கு முன்னால் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தது இதுவே முதல் தடவை. அக்கரையில் வேறு ஒன்பது பேர் ஏறினார்கள். படகு திரும்பி இக்கரைக்கு வந்தது. அப்போதும் பெரியவர் இறங்கவில்லை.

படித்துறைக்கு வந்ததும் மாப்பிள்ளை அத்தையைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"அத்தை, ஆள் சிக்கிட்டான். அந்தக் கிழவன்தான். டிக்கெட் வாங்கல, இறங்கவும் மாட்டேங்கறான். ஆத்துலயே குடித்தனம். படகுக்காரருக்கும் அவனுக்கும் ஏதோ உள்குத்து இருக்கு."

"அவர் கால்ல என்ன போட்டிருந்தார் மாப்ளே?"

"ஷூ."

"எந்தக் கால் ஷூ?"

மாப்பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டுமே இடது கால் ஷூ. அவசரத்துல மாத்திப் போட்டிருப்பார். எனக்கே ஒரு தடவை..."

அத்தை அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம், பாசம், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற கவலை மூன்றும் சம அளவில் கலந்திருந்தன.

"சரி. மூன்றரை நடைக்கும் நமக்கு ரெண்டு டிக்கெட் வாங்கியாச்சு. எல்லாரும் ஏறட்டும். அப்புறம் நீங்க போய் அவரைத் தோள்ல தட்டி எழுப்புங்க. மரியாதையா."

"முரட்டு ஆளா இருந்தா?"

"ஓடி வந்துருங்க."

"படகுக்குள்ள எங்க ஓடறது?"

"நான் கூப்பிடற திசைக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அந்தத் தூண்டில்காரர் பாக்கற மாதிரி தட்டுங்க."

*

மூன்று இருபத்தைந்து. பதினோரு டிக்கெட்டும் விற்றாயிற்று. ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அத்தையும் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போது ரோட்டிலிருந்து ஓர் அம்மாள் தலையில் துணி மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அக்கரைப் பள்ளிக்கூடத்துச் சீருடைகளைத் தைக்கும் தையல்காரம்மா.

"கடைசிப் பொத்தானை வச்சு முடிக்கறதுக்குள்ள..." என்று மூச்சு வாங்கினார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். தோள்கள் தொங்கின. "இன்னைக்கும் நிறைஞ்சிருச்சா?"

படகுக்காரர் டீசல் குழாயைத் துடைத்தார்.

மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனார். படித்துறையில் தூண்டில்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை குரலைக் கனமாக்கிக்கொண்டார். இந்த வசனத்தை அவர் மூன்று வருஷமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"ஐயா, உங்க ஆட்டம் முடிஞ்சது. எந்திரிங்க."

பெரியவர் எழவில்லை.

மாப்பிள்ளை தோளில் ஒரு தட்டு தட்டினார்.

பெரியவரின் தலை கழன்றது. தோளில் ஒருமுறை துள்ளி, படகின் விளிம்பில் உருண்டு, 'தொபுக்' என்று ஆற்றில் விழுந்தது. தொப்பி தனியாக மிதந்தது. உடம்பு மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ அத்தை! கொன்னுட்டேன்!" என்று மாப்பிள்ளை போட்ட கூச்சலில் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் நிமிர்ந்து பார்த்தன.

அதைவிடப் பெரிய கூச்சல் படித்துறையிலிருந்து வந்தது. "பயணி! பயணி தலை! யாராவது பிடிங்க!" தூண்டில்காரர் தூண்டிலை எறிந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே ஆற்றில் குதித்தார். கையையும் காலையும் அடித்து அடித்து நீந்தி, மிதக்கிற தலையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க! பிடிச்சிட்டேன்!" என்று அதற்கு ஆறுதல் சொன்னார். பிறகு கால் தரையில் பட, எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான்.

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். பழைய ஃபுட்பால். அதில் கரியால் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் வரைந்திருந்தது.

மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாங்க சார்," என்று அத்தை குடையை நீட்டி அவரைக் கரையேற்றினார். "மானிய அலுவலகம்தானே?"

தூண்டில்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "எப்படித் தெரியும்?"

"முள் இல்லாத தூண்டில். மூணு கலர்ப் பேனா. அந்தக் கூடையில மீன் இல்ல, பைல் இருக்கு. ஆறு நாளா தூரத்துல உக்காந்து தலை எண்ணியிருக்கீங்க. பன்னெண்டு தலை. அதுல ஒண்ணு இப்போ உங்க கையில இருக்கு."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உயிர் திரும்பி வந்தது. "அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க ஊதின கடலைத் தோல் போகும்போது அவர் மடியில விழுந்துச்சு. வரும்போதும் அங்கேயே இருந்துச்சு. தூங்கறவன்கூட அரை மணி நேரத்துல ஒரு தடவை சொறிவான் மாப்ளே."

"எங்களுக்கும் தெரியுமே," என்றார் இரண்டாவது பெஞ்சிலிருந்த ஒருவர். "நான் தினமும் அவர் மடிலதான் சாப்பாட்டுப் பையை வைப்பேன்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

கூச்சலைக் கேட்டு டிக்கெட்டம்மா கூண்டைத் திறந்துகொண்டு ஓடி வந்திருந்தார். தலையில்லாத மழைக்கோட்டைப் பார்த்தார், வைக்கோல் பிதுங்குகிற கழுத்தைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். "இதையா? இதையா இத்தனை நாளா கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமா. நீ என்ன நினைச்சே?"

அந்த அம்மாள் டிக்கெட் கட்டாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினார். சாத்திக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். படகுக்காரர் அத்தனை அடியையும் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"பதினோரு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. ஆனா ஒரு சீட்டு காலியாத் தெரியும். பாக்கறவங்க எல்லாம், அதான் இடம் இருக்கே, ஏத்திக்கங்கன்னு கெஞ்சுவாங்க. தினமும் மூஞ்சியைப் பாத்து இல்ல இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுச்சு. அதான் ஒரு ஆளைச் செஞ்சு உக்கார வச்சேன். நிறைஞ்சிருச்சுன்னு அவங்களே போயிடுவாங்க."

"பிரமாதம்," என்றார் மாப்பிள்ளை. "மானியம் போயிடக் கூடாதுன்னு வச்ச பொம்மையாலதான் மானியம் போக இருந்தது."

தூண்டில்காரர் தொண்டையைக் கனைத்தார். உடம்பெல்லாம் சொட்டினாலும் குரல் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது. "கழற்றக்கூடிய தலை உள்ள எதையும் பயணின்னு எடுத்துக்க விதியில இடமில்ல. ஆறு நாள் கணக்கையும் ரத்து பண்றேன். இந்தத் தடம் நலிந்த தடம்தான். மானியம் தொடரும்."

படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். டிக்கெட்டம்மா கும்பிட்டார். கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூட்டையைக் கீழே இறக்காமல் ஓர் ஆள் இன்னும் கரையில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ அந்த சீட்டு காலியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் தையல்காரம்மா.

கை தட்டல் நின்றது.

"ஏழு மாசம். வாரத்துக்கு ரெண்டு தடவை. நான் கடைசிப் பொத்தானை வச்சுட்டு ஓடி வருவேன். அந்தப் பெரியவரைப் பாப்பேன். பாவம், வயசான மனுஷன், அவரை எழுப்பி இடம் கேக்கறதான்னு திரும்பிப் போயிடுவேன். இந்த மூட்டையைத் தூக்கிட்டுப் பதினோரு கிலோமீட்டர். ஒரு ஃபுட்பாலுக்காக." "டிக்கெட் இந்த விலைக்குக் கிடைக்குதே, நம்ம நல்லதுக்குத்தானே இந்தப் படகுன்னு நான் பெருமையாப் பேசிட்டிருந்தேன்."

படகுக்காரர் துணியைக் கீழே போட்டார். அவர் நிமிர்ந்து, முதல் தடவையாக, அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏறுங்கம்மா," என்றார். தலையில்லாத உடம்பைத் தூக்கிக் கரையில் வைத்தார். "சார், பன்னெண்டுன்னு எழுதிக்கங்க. போறது போகட்டும்."

"ஏங்க!" என்றார் டிக்கெட்டம்மா. பிறகு கணவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எண்ணினா எழுதித்தான் ஆகணும்," என்றார் தூண்டில்காரர். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "விதி அப்படி."

அத்தை எழுந்தார். "யாரும் ஒண்ணும் எழுத வேணாம். மாப்ளே, இறங்குங்க."

"நானா?"

"உங்க டிக்கெட்டை அந்தம்மாகிட்ட குடுங்க. பதினொண்ணு பதினொண்ணாவே இருக்கும்."

மாப்பிள்ளை இறங்கினார். மூன்று வருஷ அனுபவத்தில் அவர் கற்ற வித்தை இது ஒன்றுதான்: அத்தை இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். தையல்காரம்மா மூட்டையோடு ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்து, பெஞ்சைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

தூண்டில்காரர் கூடையை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நகர்ந்தார். "நானும் வரேன். என் வீடு அக்கரைலதான். ஆறு நாளா வீட்டுக்கே போகல."

படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "நீங்க பன்னெண்டு."

தூண்டில்காரர் ஒரு காலை மேலே தூக்கியபடி நின்றார். ஒரு மனிதன் தான் போட்ட விதியில் தானே முட்டிக்கொள்வதை மாப்பிள்ளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அப்போ அஞ்சு மணி நடைல போறேன்."

அத்தை அதற்குள் டிக்கெட்டம்மாவைக் கூண்டுக்குக் கூட்டிப் போய்க் காதோடு காதாக ஏதோ பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னலில் 'டிக்கெட் முடிந்தது' என்ற அட்டை தொங்கியது.

"அஞ்சு மணிக்கும் பதினொண்ணும் வித்துருச்சு சார்," என்றார் டிக்கெட்டம்மா, கண்ணை இமைக்காமல்.

*

ஆக, இரண்டு பேர் நடந்தார்கள். மாப்பிள்ளை தோளில் தலையில்லாத உடம்பு. அது சான்றுப்பொருளாம், அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். தூண்டில்காரர் கையில் தலை. ஈர ஷூ அடிக்கு அடி 'சளக் சளக்' என்றது.

முதல் கிலோமீட்டரில் தூண்டில்காரர் நிமிர்ந்து நடந்தார். "நிறைஞ்சு ஓடற படகுக்கு மானியம் குடுத்தா மத்த ஊர்க்காரங்க கேக்க மாட்டாங்களா? எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?"

"போடுங்க சார். ஆனா அந்தக் கோட்டை ஒரு அம்மா மூட்டையோட தாண்டற மாதிரி போட்டிருக்கீங்க."

"மானியம் இல்லைன்னா அந்தப் படகே இல்ல. அதையும் யோசிங்க."

"யோசிக்கறேன் சார். நானே ஒரு மானியத்துல வந்தவன்தான்."

நாலாவது கிலோமீட்டரில் தூண்டில்காரர் பேச்சை நிறுத்தினார். ஐந்தாவதில் ஷூவைக் கழற்றினார். ஆறாவதில் கழற்றியது தப்பு என்று தெரிந்து மறுபடி போட்டுக்கொண்டார். பாலத்துக்கு நடுவில் ஒரு கைப்பிடிச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். உடம்பும் நடுவில் உட்கார்ந்தது.

"அந்தம்மா மூட்டை எவ்வளவு கனம் இருக்கும்?" என்று தூண்டில்காரர் கேட்டார்.

"முப்பது சட்டை, முப்பது கால்சட்டை. பொத்தான் தனி."

"ஏழு மாசம்."

"வாரத்துக்கு ரெண்டு தடவை."

தூண்டில்காரர் மறுபடி ஷூவைக் கழற்றி, கொப்புளம் கிளம்பிய பெருவிரலைத் தடவிப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து பைலை எடுத்தார். சிவப்புப் பேனா எழுதவில்லை, தண்ணீர் புகுந்துவிட்டது. நீலமும் எழுதவில்லை. பச்சையை உதறி உதறி எழுத வைத்தார். மாப்பிள்ளை அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"சுற்றுப்பாதை பதினோரு கிலோமீட்டர். நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது. இத்தடத்தில் பன்னிரண்டு இருக்கைகளும் நிறைந்தாலும் மானியம் தொடரப் பரிந்துரைக்கிறேன். நிறுத்தப்பட்ட பஸ்ஸையும் மீண்டும் விடலாம். மிக அவசரம்."

'மிக' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டார். ஃபுட்பாலை மடியில் வைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்துத்தான் கையெழுத்திட்டார்.

அக்கரைப் படித்துறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூண்டில்காரர் மழைக்கோட்டு உடம்பையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே வீட்டுப்பக்கம் போனார். டீக்கடை பெஞ்சில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தையல்காரம்மா. இருவர் கையிலும் டீ.

"எழுதிட்டாரா மாப்ளே?"

"எழுதிட்டார் அத்தை. பச்சை மைல." மாப்பிள்ளை பெஞ்சில் சரிந்தார். பிறகு படித்துறையைப் பார்த்தார். அங்கே படகு கட்டிக் கிடந்தது. "அஞ்சு மணி நடை நல்லபடியா வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன்பது பேரோட."

"பதினோரு டிக்கெட்டும் வித்துருச்சுன்னாங்களே?"

அத்தை கைப்பையைத் திறந்தார். கிழிக்காத இரண்டு டிக்கெட்டை எடுத்து, விசிறி மாதிரி முகத்துக்கு வீசிக்கொண்டார்.

"பதினொண்ணையும் நான்தான் வாங்கினேன். மானிய விலைதானே, மலிவு. ஒன்பதை வர்றவங்களுக்குக் குடுத்துருங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். இது ரெண்டும் மிச்சம். ஒண்ணு அவரோடது. அவர் நடக்காம அந்த பைல் நகராது மாப்ளே."

மாப்பிள்ளை அந்த இரண்டாவது டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிய வெகு நேரமாயிற்று.

"அப்போ இன்னொண்ணு என்னோடதா? அவர் நடக்கணும் சரி. நான் எதுக்கு அத்தை நடந்தேன்?"

"அவருக்குப் பேச்சுத்துணை வேணாமா?"

"இருங்க, வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணுகிட்டயே சொல்றேன்."

அத்தை டீயை ஒரு மிடறு குடித்தார்.

"சொல்லுங்க. காலைல கிளம்பும்போது அவதான் சொன்னா. அவருக்குத் தொப்பை விழுதும்மா, எங்கயாவது கொஞ்ச தூரம் நடக்க விடுன்னு."